உம்பாயில் நிற்கும் கார்

"காடிய ரிப்பேர் பண்ண வேணாம்னு போன் பண்ணிச் சொல்லிடு தம்பி. அது நிக்கட்டும்."

சுங்கை ரம்பாய் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஓர் அக்காவும் தம்பியும். காலமாகிவிட்ட அப்பாவின் பழைய சொகுசுக் காரைப் புக்கிட் ரம்பாய் வொர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு வீடு திரும்புகிறார்கள் என்று பேச்சிலிருந்து தெரிந்தது.

"நிக்கிற காடிய வச்சி என்னக்கா பண்றது? சூடானா பெட்ரோல் பம்பு எண்ணெய இழுக்க மாட்டேங்குது."

"அப்பா ஓட்டும்போதும் இழுக்கலதான். வீட்டுக்குப் போற வழியில சரியா உம்பாய்கிட்ட வந்து நிக்கும். பானெட்ட தொறந்து, பம்பு மேல ஈரத்துணியப் போட்டுட்டு, ஆறட்டும்லா, வாங்கன்னு சுட்ட மீன் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிட்டுப் போவாரு."

"அம்மாவும் வருவாங்க."

"வெளிய சாப்பிடலாம்னா வீட்டுல சோறு இருக்குன்னு சொல்ற ஆளு. காடி நின்னா மட்டும் ஒண்ணும் பேச மாட்டாங்க."

தம்பி அக்கா பக்கம் திரும்பினார்.

"மெக்கானிக் காடி பின்னால பூட்ட தொறந்தாருக்கா. ஸ்பேர் டயருக்கு அடியில புது பம்பு இருக்கு. அப்பா எப்பவோ வாங்கி வச்சிருக்காரு. பெட்டியக்கூட பிரிக்கல."

உம்பாய் மீன் கடைகள் தெரிந்ததும் அக்கா எழுந்து மணியை அழுத்தினார்.

"இங்க ஏன்க்கா எறங்கணும்? வீடு இன்னும் தூரம் இருக்கே."

"காடி நின்னுடுச்சு தம்பி. வா, ஆறட்டும்."