தேரைக்கு நிற்காத பேருந்து

முதல் மழை பெய்து ஓய்ந்த சாயங்காலம். சேரன்மகாதேவி போகும் பேருந்தில் முன் இருக்கைப் பெண்மணி எழுந்து நடத்துநரிடம் சொன்னார்.

"வண்டிய நிப்பாட்டச் சொல்லுங்க தம்பி. ரோடு பூரா தேரை கடக்குது."

"தேரைக்கெல்லாம் நிப்பாட்ட முடியுமாக்கா?"

"போன வாரம் மயிலுக்கு நிப்பாட்டுனியள்லா."

"மயில் மேல ஏத்துனா கேசாயிரும்க்கா. காப்பாத்தணும்னு சர்க்கார் போட்ட பட்டியல்ல தேரை கிடையாது."

வேகம் குறையவில்லை. விளக்கு வெளிச்சத்தில் துள்ளியவை ஒவ்வொன்றாகச் சக்கரத்தடியில் மறைந்தன.

"மயிலு எங்க நெல்லத் திங்குது. இது பூச்சியத் திங்குது. எந்தப் பட்டியல்வே இது?"

"அதுக்கு நான் என்னக்கா செய்ய?"

"பட்டியல்ல சேருத வரைக்கும் கொன்னுக்கிட்டே இருங்க. இப்ப விசில ஊதுங்க, நான் இறங்கி நடக்கேன்."