படிப்பதை நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள்

இந்த நாற்காலி சௌகரியமாக இருக்கிறது, ஐயா. வீட்டில் என் நாற்காலிக்கு ஒரு கால் ஆட்டம். அதில் உட்கார்ந்தே முதுகு போய்விட்டது. அசதியாக இருக்கிறது, அவ்வளவுதான். மறைக்க ஒன்றுமில்லை, சொல்கிறேன்.

குழந்தைகளுக்கான முதலுதவி பற்றி நானும் என் மனைவியும் ஒரு இணையதளம் நடத்துகிறோம். அவள் குழந்தைகள் வார்டில் நர்ஸ். அவள் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்வேன். அதிகம் பேர் தேடி வந்தது, குழந்தை பட்டன் பேட்டரியை விழுங்கிவிட்டால் என்ன செய்வது என்ற பக்கத்துக்கு. பொம்மையிலும் ரிமோட்டிலும் இருக்குமே, சட்டைப் பொத்தான் அளவில், அதுதான். தொண்டையில் சிக்கினால் உள்ளே அரித்துவிடும். அதனால் முதல் வரியை அவளே வைத்தாள்: ‘படிப்பதை நிறுத்துங்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.’

பல வருஷம் தேடலில் அந்தப் பக்கம்தான் முதலில் வந்தது. திடீரென்று தேடுபொறிக்காரர்கள் வரிசைப்படுத்தும் முறையை மாற்றினார்கள். எங்களிடம் சொல்லவில்லை, சொல்வதற்கு நாங்கள் யார்? காலையில் பார்த்தால் எங்கள் பக்கத்தைக் காணோம். பொம்மை விற்கிறவன்கூட எங்களுக்கு மேலே இருந்தான். விளம்பர வருமானம் படுத்துவிட்டது. பார்த்த வேலையை விட்டுவிட்டு இதையே நம்பி உட்கார்ந்தவன் நான்.

இதே தொழிலில் இருக்கும் நண்பர் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“வர்றவங்க ஒரு வரி படிச்சதும் ஓடிடறாங்க. நீங்களே தொரத்தி விடறீங்க. பக்கத்துல ஒண்ணுமே இல்லபோலன்னு தேடுபொறி நெனச்சுக்குது. கொஞ்ச நேரமாவது உக்கார வைங்க.”

நியாயமாகப் பட்டது. பேட்டரி வகைகள், படங்கள், தாய்மார்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள் என்று நிறைய எழுதிச் சேர்த்தேன். அவளுடைய வரியை நீக்கவில்லை. நீக்க எனக்கு மனம் வருமா? கடைசியில் வைத்தேன். மனைவியிடம் சொல்லவில்லை. அவளே வேலை முடிந்து அலுத்துச் சலித்து வருகிறவள்.

சில வாரங்களில் மறுபடி முதலிடத்துக்கு வந்துவிட்டோம்.

ஒரு மதியம், யாரோ ஒருவர் அந்தப் பக்கத்தை நெடுநேரம் திறந்து வைத்திருப்பது என் திரையில் தெரிந்தது. நிதானமாகப் படிக்கிற ஆள் என்று நினைத்துக்கொண்டேன். ரொம்ப நாளைக்குப் பிறகு எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அது என் மைத்துனி, மனைவியின் தங்கை. அவளுடைய பையன் அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தான். அவன் பேட்டரியை விழுங்கியதும் முதலில் அக்காவுக்குப் போன் செய்திருக்கிறாள். வார்டுக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். பையன் அழவும் இல்லை, விளையாடிக்கொண்டுதான் இருந்தானாம். அதனால் உட்கார்ந்து படித்திருக்கிறாள்.

“அக்கா எழுதினதாச்சேன்னு ஒரு வரி விடாம படிச்சேன் மாமா,” என்றாள் ஆஸ்பத்திரி வராந்தாவில். பையன் பிழைக்கவில்லை.

மனைவி கேட்டது ஒன்றுதான்: “அந்த வரிய எதுக்குங்க கீழ கொண்டு போனீங்க?”

விளக்கமாகவே சொன்னேன். அவள் காது கொடுக்கவில்லை. எழுந்து நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம் புகார் கொடுக்க வந்துவிட்டாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை.

ஆமாம், தெரிந்துதான் செய்தேன். முதல் வரியோடு ஓடிப்போனவர்கள் எல்லாம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள் என்பது எனக்குத் தெரியும். அப்படி ஓடாமல் அவர்களை உட்கார வைக்கத்தான் அவ்வளவும் எழுதினேன்.

வரியை இன்னும் மேலே ஏற்றவில்லை. ஏற்றினால் பக்கம் மறுபடி கீழே போய்விடும், ஐயா. அப்புறம் அவசரத்துக்குத் தேடுகிற தாய்மார்களுக்கு யார் வழி சொல்வது?