சுதியில் ஒரு சதி

கோப்பையை வழங்கிவிட்டு வீற்றிருக்கும் தலைவர் குசகாபே அவர்களே, தாளம் தட்டியே கை சிவந்த பெரியோர்களே, ஒலிவாங்கியைக் கண்டால் "ஐயோ, எனக்கு வேணாம்" என்று ஒதுங்கி, கைக்கு வந்தால் மூன்று பாட்டுக்கு விடாத தாய்மார்களே, கோபே நகரின் எங்கள் கடைவீதி மக்களே, வணக்கம்.

இந்தக் கரோக்கே போட்டியின் முடிவில் இளைஞர் சார்பில் வாழ்த்துரை வழங்க வந்தவள் இந்த மினோரி. வாழ்த்துவதா, வாக்குமூலம் தருவதா? குழம்பி நிற்கிறேன்.

கரோக்கே என்பது என்ன? பாடகரைக் கழற்றிவிட்டு, வாத்தியத்தை மட்டும் ஓடவிட்டு, வந்தவரைப் பாடச் சொல்லி, மதிப்பெண்ணும் போடும் வள்ளல் இயந்திரம். அந்த வள்ளலிடம் பதினோரு ஆண்டுகளாகக் கடைசி இடத்தையே வாங்கியவர் நம் டோஃபு கடை இனாகாகி மாமா. திரையில் பாடவேண்டிய சுரத்தைக் காட்டும் கோடு ஒரு பக்கம் ஓடும். மாமா மறுபக்கம் ஓடுவார்.

இன்று இயந்திரத்தருகே நின்றவள் நான். மாமா வாய் திறக்குமுன் சுதிப் பொத்தானை நான்கு படி கீழே இறக்கினேன். மூலச் சுதியில்தான் பாடவேண்டும் என்பது போட்டி விதி. தெரியும். தடுமாறுவார், சிரிக்கலாம் என்றுதான் செய்தேன். தடுமாறினாரா? இல்லை, தடம் பிடித்தார். கோட்டின் மேலேயே நடந்தார். தொண்ணூற்று நான்கு மதிப்பெண். முதலிடம். கோப்பையைக் கட்டிக்கொண்டு அழுதார்.

தொண்ணூற்று மூன்று எடுத்து இரண்டாமிடம் வந்தவர் யார்? என் அம்மா.

"அடிப்பாவி" என்று அங்கே ஒரு குரல் கேட்கிறது. ஆமாம் அம்மா, நானேதான்.

நான் செய்தது சுதியா, சதியா? சொன்னால் மாமா கண்ணீர் வீண். சொல்லாவிட்டால் அம்மா பாட்டு வீண். இயந்திரத்தைக் கேட்டால் எண்ணைச் சொல்கிறது, மதிப்பைச் சொல்லவில்லை. ஒரு மனிதன் தொண்டையை நெரித்துக்கொண்டு பாட்டின் உயரத்துக்கு எம்பவேண்டுமா? பாட்டு நான்கு படி இறங்கிவந்தால் பாட்டுக்கு மானம் போய்விடுமா? விதி சரியா, என் விஷமம் சரியா? விளங்கவில்லையே.

இதோ, மாமாவே மேடையேறுகிறார்.

"எத்தனை படி எறக்குன?" என்கிறார்.

நாலு, மாமா.

"அப்ப என் தொண்டை நல்லாத்தான் இருக்கு. இத்தனை வருஷமா எவன் சட்டையவோ மாட்டிக்கிட்டு மூச்சு முட்டியிருக்கேன்."

கோப்பையை என் அம்மா கையில் கொடுத்துவிட்டார். "இது ஒங்களுதும்மா. இவள அடிக்கிறதா இருந்தா அப்புறமா அடிங்க. முதல்ல அந்தப் பொத்தான் எதுன்னு எனக்குக் காட்டட்டும்."

காட்டப் போகிறேன். பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி. வீட்டில் பொறுக்கமாட்டாத அம்மாவுக்குத் தனி நன்றி. வணக்கம்.