பயம் வரவில்லை, இரண்டு நட்சத்திரம்

வா மகளே, கிட்டே வந்து உட்கார். அந்த நாற்காலி ஆடும், இதில் உட்கார். போன வாரம் வந்தபோது நின்றபடியே நாலு கேள்வி கேட்டுவிட்டுப் போனாய். போலீஸ் வேலையில் உட்காரக்கூட நேரமில்லை போலும். இன்று எழுதிக்கொள்ள ஆளையும் கூட்டி வந்திருக்கிறாய். நல்லது. முழுக் கதையும் சொல்கிறேன்.

என் புத்தகம் என்ன புத்தகம் என்று முதலில் தெரிய வேண்டும். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதை சொல்லுவார். இருண்ட வீடு, மாடியில் யாரோ நடக்கிற சத்தம், இப்ப நீ என்ன பண்ணப் போற என்று கேட்பார். மற்றவர்கள் கதைக்குள் ஆளாக மாறி ஓடுவேன், ஒளிவேன் என்பார்கள். பிழைப்பார்களா என்பதைப் பகடை சொல்லும். நாலோ அதற்கு மேலோ விழுந்தால் பிழைத்தார்கள். அப்படிக் கதை சொல்கிறவர்களுக்காக வீட்டையும் அறையையும் பேயையும் எழுதிக் கொடுப்பவள் நான். ஆன்லைனில் விற்கிறோம். தங்கை பார்சல் கட்டுவாள், முகவரி எழுதி ஒட்டுவது நான்.

வாங்கியவர்கள் விற்பனைப் பக்கத்தில் நட்சத்திரம் போட்டுக் கருத்து எழுதுவார்கள். எல்லோரும் வாயாரப் புகழ்ந்திருந்தார்கள். ஒற்றைப்பகடை என்று பெயர் வைத்துக்கொண்ட ஒருவன் மட்டும், ‘எழுத்து அழகு. பயம் வரவில்லை. இரண்டு நட்சத்திரம்’ என்று எழுதியிருந்தான்.

கோபமெல்லாம் இல்லை. வீட்டுக்கு வந்தவர்களில் ஒருவர் மட்டும் அரைவயிற்றோடு எழுந்து போனால் சமைத்தவளுக்கு மனசு கேட்குமா? மழையில் நனைந்து அட்டை மூலை மடங்கி வந்தது என்றும் எழுதியிருந்தான். மழை நாளில் போன பார்சல் ஒன்றே ஒன்று. அதன் முகவரி என் கையெழுத்து. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பேருந்து நிறுத்தம்தான்.

போய்ப் பார்த்தேன். ஐந்தாவது மாடி, தனி ஆள், மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. தன் பூனைக்கு அடுத்த வீட்டுக்காரர் பால் வைப்பதற்காகச் சாவியை மீட்டர் பெட்டிக்குள் விட்டுப் போவான். பூனை என்னோடு சீக்கிரம் ஒட்டிக்கொண்டது.

அவனுக்கென்றே புதிதாக ஒரு பக்கம் எழுதித் தபாலில் அனுப்பினேன். ‘நீ வீட்டுக்குள் வருகிறாய். சாப்பாட்டு மேசை நாற்காலி சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. அதைத் திருப்பியது நீ இல்லை. இப்போது என்ன செய்யப் போகிறாய்?’ அந்தப் பக்கம் அவன் கைக்குப் போய்ச் சேர்ந்த அன்று, நாற்காலியைத் திருப்பி வைத்துவிட்டு வந்தேன். வேறு எதையும் தொடவில்லை.

எதிர்க் கட்டடப் படிக்கட்டில் நின்றால் அவன் சன்னல் தெரியும். விளக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டான். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தான். பிறகு முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி அப்படியே நின்றான். மறுநாள் இரண்டு நட்சத்திரத்தை மூன்று நட்சத்திரமாக மாற்றினான்.

பூட்டையும் மாற்றினான். புதுச் சாவியை அடுத்த வீட்டுக்காரரிடம் கொடுத்து வைத்திருந்தான். அவரிடம் நான் அவன் பெரியம்மா என்றேன்.

“நல்ல வேளை வந்தீங்க. தம்பி தூங்கறதே இல்லைங்க. பேசினா திடுக்குன்னு திரும்பிப் பாக்குது” என்று அவரே கதவைத் திறந்துவிட்டார்.

அடுத்த பக்கத்தில் புதுப் பூட்டின் நிறத்தையும், அவன் தலையணைக்கு அடியில் வைத்திருந்த கத்தியையும் எழுதினேன். நான்கு நட்சத்திரம்.

பிறகுதான் அந்தப் பெரிய கருத்து வந்தது. ‘ஐந்து கொடுத்துவிட்டேன். போதும். இதை எழுதியவர் என் வீட்டுக்குள் வருகிறார். காவல் நிலையத்தில் சொன்னேன், விளையாட்டுப் புத்தகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். படிக்கிறவர்கள் யாராவது உதவுங்கள்.’

படித்தவர்கள் எல்லோரும் ரசித்தார்கள், மகளே. இப்படியல்லவா கருத்து எழுத வேண்டும் என்று கீழே கைதட்டினார்கள். இந்தக் கருத்து உதவியாக இருந்ததா என்று கேட்கும் இடத்தில் ஆம், ஆம் என்று அழுத்திக்கொண்டே இருந்தார்கள். புத்தகம் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

தங்கை மட்டும் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

“அக்கா, இது நிஜமா எழுதின மாதிரி இருக்கு.”

“நிஜம் மாதிரி இருக்கறதுக்குத்தானே அஞ்சு ஸ்டார்?”

“நேத்து எங்க போயிருந்தே?”

“காத்தாட நடந்துட்டு வந்தேன். நீ டேப்பை நேரா ஒட்டு.”

அன்றிலிருந்து அவள் தன் அறையை உள்ளே தாழ் போட்டுக்கொண்டுதான் படுக்கிறாள். உன்னைக் கூப்பிட்டவளும் அவள்தான் என்று தெரியும். சொந்த அக்காவிடம் என்ன பயமோ.

ஐந்து கிடைத்த பிறகும் ஏன் போனாய் என்றுதானே கேட்கப் போகிறாய்? பாதியில் நிறுத்திய கதை கேட்டவனை வதைக்கும். நன்றியும் சொல்ல வேண்டியிருந்தது. பெரியம்மா என்று அடுத்த வீட்டுக்காரர் இந்த முறையும் கதவைத் திறந்துவிட்டார்.

வேலையிலிருந்து வந்தவன் சமையலறை வாசலில் என்னைக் கண்டான். பையைக் கீழே போட்டுவிட்டு, பால்கனிப் பக்கமாகப் பின்னோக்கியே நடந்தான்.

“அம்மா, அஞ்சு குடுத்துட்டேனேம்மா.”

“குடுத்தே, ராசா. அதுக்குத்தான் வந்தேன். இப்ப நீ என்ன பண்ணப் போற?”

பக்கத்து வீட்டுப் பால்கனிக்குத் தாவிவிடலாம் என்று நினைத்தான், பாவம். கால் வழுக்கிவிட்டது. விளிம்பைப் பிடித்துத் தொங்கியபடி, “கை குடுங்கம்மா” என்றான்.

தவறி விழுந்தான் என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். அதைத் திருத்திக்கொள். என் கைக்கு அவன் எட்டுகிற தூரம்தான். ஆனால் பகடை உருட்டாமல் ஒருவரைக் காப்பாற்றினால் அது ஓரவஞ்சனை. என் மேசையில் நான் யாருக்கும் அப்படிச் செய்ததில்லை. என் பையிலிருந்து பகடையை எடுத்துத் தரையில் உருட்டினேன். வெளிச்சம் குறைவு, குனிந்துதான் பார்க்க வேண்டியிருந்தது.

“மூணு விழுந்திருக்கு, தம்பி” என்றேன்.

அப்போதும் அவன் விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் எடுத்துவிட்டேன். மெதுவாகத்தான், வலிக்கக் கூடாதே என்று.

அவ்வளவுதான் கதை. ஏன் உன் கை இப்படிச் சில்லிட்டுப் போயிருக்கிறது? பொறுமையாகக் கேட்டாய், மகராசி. உன் வீட்டில் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருக்கட்டும். சின்னவள் அந்த மஞ்சள் சைக்கிளில் விழாமல் ஓட்டப் பழகட்டும். உன் மாமியாருக்கு முழங்கால் வலி சீக்கிரம் ஆறட்டும். மாடி ஏறும்போது நடுப்படியில் நின்று மூச்சு வாங்குகிறார், பார்க்கவே மனசு தாங்கவில்லை.