முத்து வெள்ளையும் தந்த வெள்ளையும்

ஓர் அறைக்கு வெள்ளை அடிப்பது அவ்வளவு லேசான காரியம் இல்லை, இன்ஸ்பெக்டர் சார். கடைக்காரர் நீட்டிய அட்டையில் மட்டும் பதினாறு வெள்ளை. அதில் பதினான்கை ஒரே வாரத்தில் கழித்துக் கட்டினேன். மிஞ்சியவை முத்து வெள்ளை, தந்த வெள்ளை. இரண்டையும் சுவரில் கைக்குட்டை அளவுக்குப் பூசி, காலை வெளிச்சத்தில், மாலை வெளிச்சத்தில், டியூப்லைட்டில் என்று பத்தொன்பது நாள் பார்த்தேன். "என்னைக் கட்டிக்க இவ்வளவு யோசிச்சீங்களா?" என்றாள் மனைவி.

முத்து என்று முடிவு செய்தேன். தந்தத்தில் ஒரு மஞ்சள் கள்ளத்தனம் உண்டு.

வேலையை அவளுடைய அண்ணனிடம் கொடுத்தேன். இருபது வருடப் பெயின்டர். கை சுத்தம்; வாய்தான் கொஞ்சம் நீளம்.

சனிக்கிழமை மதியம் மனைவி ஆபீசில் இருந்தாள். முடிந்த சுவரை ஒரு மணி நேரம் நின்று ரசித்தேன். ஏணி உச்சியில் கடைசி ஓரத்தை இழுத்துக்கொண்டிருந்த மச்சான் சிரித்தார்.

"மாப்ளே, பாதியிலேயே முத்து தீந்துபோச்சு. கடையிலயும் இல்லைன்னுட்டான். மீதிக்குத் தந்தத்தை அடிச்சுட்டேன். உங்க கண்ணுக்கே தெரியலையே, வேற யாருக்குத் தெரியப்போவுது?"

எந்தப் பாதி என்று கேட்டேன். கண்டுபிடிங்க பார்ப்போம் என்றார்.

ஏணியை நான் தள்ளவில்லை. பத்திரிகைகள் கூட்டி எழுதுகின்றன. காலால் ஓரடி நகர்த்தினேன், அவ்வளவுதான்.

விழுந்தவருக்கு நினைவு நன்றாகவே இருந்தது. இடுப்பை அசைக்க முடியவில்லை, ஆம்புலன்சைக் கூப்பிடச் சொன்னார். மாட்டேன் என்று நான் சொல்லவே இல்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தப் பாதி என்று சொன்னால் உடனே அழைப்பதாகச் சொன்னேன். நியாயமான கேள்விதானே.

இடது என்றார். போய் உற்றுப் பார்த்தேன். பிறகு வலது என்றார். பேச்சு மாறுகிறவரை எப்படி நம்புவது? அவர் தலைக்குக் கீழே சிவப்பு பரவிக்கொண்டிருந்தது. நல்லவேளை, பழைய போர்வை விரித்திருந்தோம்.

"சத்தியமா எனக்கே தெரியலை மாப்ளே. காஞ்ச பிறகு ரெண்டும் ஒண்ணுதான். போன் போடுங்க."

ஐந்து மணிக்கு மனைவி அழைத்து, அண்ணன் சாப்பிட்டாரா என்று கேட்டாள். படுத்திருக்கிறார் என்றேன். அப்போது மூச்சு இருந்தது. ஆறரைக்கு இல்லை.

ஆக, கொன்றது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். ஆனால் இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்: ஒரே வார்த்தையில் அவர் பிழைத்திருக்கலாம். கடைசிவரை உண்மையைச் சொல்லவில்லை. அந்தக் குடும்பமே பிடிவாதக்காரக் குடும்பம், சார்.