ஞாயித்துக்கெழமை மொகம்

அட, இருங்க தம்பி, பையை எதுக்கு மூடறீங்க? வேண்டாம்னு நான் சொல்லவே இல்லீங்களே. சிரிச்சேன், அவ்வளவுதான். பின்ன சிரிக்காம என்ன பண்றது? கழுத்துல டை கட்டிட்டு, கேட்டத் தொறந்துட்டு வந்து, மேடம், இது புது ஷேவிங் செட்டு, ரெட்டை பிளேடு, மொகம் பட்டு மாதர இருக்கும்கறீங்க. டைக்கு மேல பாத்தா உங்க கழுத்து பூரா செவசெவன்னு கொப்புளம். இந்த வெய்யில்ல துடியலூர் பூராம் ஊடு ஊடா ஏறி எறங்கறீங்களே, எங்கயும் ஆரும் அதக் கேக்கலீங்களா?

வேர்க்குருங்களா? சரி, அப்படியே வெச்சுக்கலாம். வேர்க்குரு தாடி மொளைக்கற எடமாப் பாத்துப் பாத்து வருமாக்கும். நெத்தியில ஒண்ணையும் காணமே.

கோவிச்சுக்காதீங்க. அந்தப் படியில நெழலு இருக்குது, உக்காருங்க. கிரில்லத் தொறக்க மாட்டேன், தப்பா நெனச்சுக்கக் கூடாது, ஊட்ல ஆம்பள இல்லாத நேரம். சொம்புல தண்ணி வெச்சிருக்கறேன், கம்பிக்குள்ள கைய உட்டு எடுத்துக்கங்க.

எங்கூட்டுக்காரருங்களா? ஊருக்குப் போயிருக்காரு, வெள்ளகோவிலுக்கு. அவரு இருந்தாலும் உங்ககிட்ட வாங்க மாட்டாரு, எல்லாந் தெரியும்னு நெனப்பு. ஃபவுண்டரியில சூப்பர்வைசருங்க, சென்னகிருஷ்ணன்னு கேட்டுப் பாருங்க, அங்க எல்லாத்துக்கும் தெரியும். இரும்பக் காச்சி ஊத்தி, ஒரு மயிரிழை பிசகில்லாம வார்க்கறவரு. அவரு மொகம் வழிக்கறத நீங்க பாத்திருக்கோணும். தேங்காய் துருவறது கூட இன்னும் பதனமா இருக்கும்.

தூங்கி எந்திரிச்ச மூஞ்சியில சோப்பத் தடவுவாரு. நொரையும் வராது, ஒண்ணும் வராது. கன்னத்துல மேலருந்து கீழ, கழுத்துல கீழருந்து மேல, வறட்டு வறட்டுனு இழுப்பாரு. அந்தச் சத்தம் எனக்கு அடுப்படிக்குக் கேக்கும். வழிச்ச எடத்தையே சோப்பில்லாம மறுக்கா வழிப்பாரு. ரத்தம் வந்தா பேப்பரக் கிழிச்சு ஒட்டிக்குவாரு. அந்தப் பேப்பரோட பஸ் ஏறிப் போயி, சாயங்காலம் கழுத்தச் சொறிஞ்சுட்டு வந்து பிளேடு கம்பெனிக்காரனத் திட்டுவாரு. பிளேடு துருப்புடிச்சாத்தான் மாத்துவாரு. கேட்டா, இன்னும் வெட்டுதுல்லம்பாரு. ஆமாங்க, தோல வெட்டுது.

நீங்களும் அந்தக் கூட்டந்தான். மறைக்காதீங்க, கழுத்தே சொல்லுது.

ஒண்ணு கேக்கறேன். உங்க தாடி எந்தப் பக்கம் பாத்து மொளைக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமா? கீழ பாத்தா? எல்லா எடத்துலயுமா? நெசமா? பாத்தீங்களா, முழிக்கறீங்க. சொந்த மூஞ்சி! தெனமும் கண்ணாடியில பாக்கற மூஞ்சி. கன்னத்துல கீழ பாத்து மொளைக்குமுங்க. கழுத்துல ஒரு பக்கம் மேல பாக்கும், இன்னொரு பக்கம் காதப் பாத்துப் போகும். ஆளாளுக்கு மாறும். சோப்புப் போடறதுக்கு முன்னால, காஞ்ச மொகத்துல வெரல வெச்சுத் தடவோணும். வழுக்கிட்டுப் போற பக்கந்தான் அது மொளைக்கற பக்கம், அந்தப் பக்கமாத்தான் இழுக்கோணும். குத்துற பக்கமா இழுத்தா, முடி தோலுக்குள்ளயே திரும்பிப் போயி முட்டிக்கும். அதுதான் உங்களுக்கு வந்திருக்கற வேர்க்குரு.

அட, இப்பத் தடவாதீங்க, ரோட்டுல போறவங்க பாக்கறாங்க.

அமுத்தறதுதான் எல்லாத்தையும் விடக் கேடு. பழைய ரேசர அத்தனை கனமா எதுக்குச் செஞ்சு வெச்சிருக்கான்? அந்தக் கனமே போதும்னுதான். ஆம்பளைக்கு எதையாச்சும் கையில குடுத்தாப் போதும், ஓங்கி அமுத்தோணும். புடியோட நுனிய வெரல்ல சும்மா தாங்கிட்டாப் போதுமுங்க. ரேசரோட தலையக் கன்னத்துல ஒட்ட வெச்சுக்கிட்டு, புடியக் கொஞ்சங் கொஞ்சமாக் கீழ எறக்கோணும். எங்க வந்ததும் முடி வெட்டுற சத்தம் கேக்குதோ, அங்கயே நிறுத்திப்போடோணும். அதான் அதுக்குச் சாய்மானம். பொறகு சின்னச் சின்னதா இழுக்கோணும். நீங்க காதுலருந்து தாடை வரைக்கும் ஒரே இழுப்பா இழுப்பீங்க, இல்லீங்களா? இழுப்பீங்க, எனக்குத் தெரியும்.

குளிச்ச பொறகு, தோலு ஊறியிருக்கறப்பதான் வழிக்கோணும். பிரஷ்ஷ வெச்சுச் சுத்திச் சுத்தி, பால் பொங்கற மாதர நொரை வரோணும். மறுக்கா இழுக்கறதுன்னா மறுக்கா நொரை போடோணும். முடிஞ்சதும் பச்சத்தண்ணி, படிகாரம் ஒரு தடவு. துண்டப் போட்டுத் தேய்க்கக் கூடாது, ஒத்தி எடுக்கோணும். என்ன பெரிய வித்தைங்க இது? வாரத்துக்கு ஒரு தடவை பொறுமையாச் செஞ்சாத் தெரிஞ்சுபோகும். ஆனா பொறுமைக்கு எங்க போறது நீங்களெல்லாம்.

அவரா? அவரு சொல்லிக் குடுத்தாரா? நல்லாச் சொன்னீங்க போங்க.

பாத்துத் தெரிஞ்சுக்கறதுதானுங்க. பட்டும் தெரிஞ்சுக்கறதுதான். எங்கூட்ல ஒருத்தருக்கு மொத மொத வழிச்சப்ப, எதிர்ப்பக்கமா இழுத்து, தாவாக்கட்டை பூராப் பொரிப் பொரியாப் பொங்கிருச்சு. பாத்துட்டு, அம்மை போட்டிருக்குதுன்னு வாசல்ல வேப்பிலையச் சொருகிட்டாங்க. ஊட்ல தாளிக்கக் கூடாது, ஆரும் வரக் கூடாது. எளநீரும் கம்பங்கூழுமாக் குடுத்து, வேப்பிலையில படுக்க வெச்சு, மூணாந் தண்ணி ஊத்தித்தான் வெளிய உட்டாங்க. அந்த ஆளும் வாயத் தொறக்காமப் படுத்துக்கிச்சு. உண்மையச் சொல்றதுக்கு அம்மை எவ்வளவோ தேவலைன்னு.

சிரிங்க, சிரிங்க. உங்க கழுத்துக்கும் நாலு வேப்பிலை கட்டலாம்.

சரி, விசயத்துக்கு வாரேன். உங்க பையில சாதாரண பிளேடு இருக்குதுங்களா? ரெண்டு பக்கமும் வாயி இருக்குமே, பேப்பர்ல சுத்தினது, அது. இல்லியா? இந்த ரெட்டை பிளேடெல்லாம் எனக்கு வேண்டாம். உங்க கழுத்தப் பாத்த பொறகு அத ஆரு வாங்குவா? அப்ப ஒண்ணு பண்ணுங்க. மெயின் ரோட்டுல பஸ் நிக்கற எடத்துக்கிட்டக் கடை இருக்குது. ஒரு பாக்கெட் சாதாரண பிளேடு வாங்கியாந்து குடுத்துட்டுப் போங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். காசு தாரேன்.

முக்குக் கடைங்களா? அது தெரியாமயா உங்களக் கேக்கறேன். அது அவரு தங்கச்சி ஊடுங்க. தங்கச்சி ராமாத்தாள் கல்லாவுலயே உக்காந்திருப்பா. ஊட்ல ஆம்பள இல்லாதப்ப நான் பிளேடு கேட்டா, அடுத்த நிமிசம் வெள்ளகோவிலுக்குப் போன் போகும்.

ஆருக்கா? எனக்குத்தானுங்க.

ஆமாங்க, எனக்குத்தான். முந்தானைய மொகத்தோட புடிச்சுட்டே நிக்கறாளே, வெளியாளுன்னு வெக்கப்படறான்னு நெனச்சீங்களாக்கும். உங்களப் பாத்து எனக்கென்னங்க வெக்கம். அந்த வேப்பிலையும் எனக்குக் கட்டுனதுதான். கொழந்த பொறந்து வருசம் திரும்பறதுக்குள்ள தாவாக்கட்டையில மொளைக்க ஆரம்பிச்சுது. புடுங்கிப் பாத்தேன், மஞ்சளு பூசிப் பாத்தேன், கல்லு வெச்சுத் தேச்சுப் பாத்தேன், புண்ணாச்சு. பொறகுதான் அவரு ரேசர எடுத்தேன். அவரு டூட்டிக்குப் போனதும் ஊட்டுக்குப் பின்னால பொடக்காளியில வெச்சு வழிச்சுட்டு, கழுவித் தொடச்சு, எப்புடி இருந்துச்சோ அப்புடியே வெச்சுருவேன். இத்தன வருசம் ஒரே ஊட்ல ஒட்டுக்கா இருந்தவரு, ஒருக்காக்கூடக் கண்டுபுடிக்கலீங்க. வார்ப்புல மயிரிழை பிசகு தெரியற கண்ணு.

போன மாசம் சாப்பாட்டுக் கேரியர மறந்துட்டேன்னு திரும்பி வந்தாரு. நொரையும் கையுமா நின்னேன். ஒரு வார்த்தை கேட்டாரு பாருங்க. இத்தன நாளு ஒரு ஆம்பளகூடத்தான் நான் குடும்பம் நடத்தினனான்னு. நெஞ்சுல மிதிச்ச மாதர இருந்துச்சுங்க. அழுதேன், பொய் சொல்லல. அன்னைக்குப் பூரா அழுதேன். தாலி கட்டுன ஆளு ஒருத்தரு கிட்ட உக்காந்து, வலிக்குதான்னு கேட்டிருந்தா என்னங்க கொறஞ்சுபோயிருக்கும்? மறுநா எந்திரிச்சுப் பாத்தா அந்த மூஞ்சி. ரெண்டு எடத்துல பேப்பர் ஒட்டியிருக்குது. அதப் பாத்ததும் அழுகையே வரலீங்க. இந்த மூஞ்சிய வெச்சுட்டா நம்மள இத்தன பேச்சுப் பேசுச்சுன்னு ஆயிப்போச்சு.

அன்னைக்கே பொண்ணக் கூட்டிட்டு வெள்ளகோவிலுக்குப் போயிட்டாரு. வர்ற ஞாயித்துக்கெழமை அங்க ஒறம்பரைக, சொந்தக்காரங்க எல்லாம் கூடறாங்க. தாடி மொளைக்கற பொம்பளைகிட்டப் புள்ளைய உட முடியாது, கட்டுனதத் தீத்து உட்ருங்கன்னு கேக்கப் போறாராமா. என்னையும் வரச் சொல்லியிருக்காங்க. போகும்போது செஞ்ச காரியத்தக் கேளுங்க. ஊட்ல இருந்த பிளேடு அத்தனையும் பொறுக்கி எடுத்துட்டுப் போயிட்டாரு. அது வரைக்கும் வளரட்டும், எல்லாரும் கண்ணால பாக்கட்டும்னு. எப்புடி மூளை? இத்தன வருசத்துல அவரு யோசிச்சுச் செஞ்ச காரியம் இது ஒண்ணுதானுங்க.

ரேசர்ல மாட்டியிருந்தது ஒண்ணுதான் மிச்சம் கெடக்குது, துருப்புடிச்சு. அதுல வழிச்சா இந்தப் பக்கம் கொப்புளமாப் பொங்கிரும். கொப்புளத்தோட போயி நின்னா, தாடியோட போயி நின்ன மாதரதான். அதுக்குத்தான் புது பிளேடு. சனிக்கெழமை ராத்திரி குளிச்சுட்டு, நிதானமா, வழுக்கற பக்கமா வழிப்பேன். ஒரு பொரி இருக்காது.

அங்க போயிப் பொய் சொல்லுவீங்களான்னு கேக்கறீங்களா? நான் எதுக்குங்க பொய் சொல்லோணும்? ஆமாம்னும் சொல்ல மாட்டேன், இல்லைன்னும் சொல்ல மாட்டேன். எல்லாருக்கும் முன்னால மொகத்துலருந்து முந்தானைய எறக்கிட்டு உக்காந்துக்குவேன். பக்கத்துல அவரும் அந்தக் கழுத்தோட உக்காருவாரு. பாத்துட்டு அவங்களே சொல்லட்டும்.

அவரா? திரும்பி வரோணும்னு ஆரு அழுதா? வழிக்கத் தெரியாத அந்த மூஞ்சிய இன்னொருக்கா வெச்சு நான் என்ன பண்றது? எனக்கு எம்பொண்ணு வந்தாப் போதும். கோகிலான்னு பேரு. வயசுக்கு வந்து ஆறு மாசந்தான் ஆகுது. நல்லாப் படிக்கற புள்ள, வெடுக்குனு பேசமாட்டா, அப்பன்னா உசுரு.

சரி, வெய்யில் ஏறுது, போயிட்டு சுருக்கா வந்துருங்க தம்பி. முக்குக் கடை வழியாப் போகாதீங்க. இல்லீங்க, வேற ஒண்ணும் வேண்டாம், ஒரு பாக்கெட்டுதான். கோகிலாவ வெள்ளகோவிலுக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு மொத நாளு காலையில தலை பின்னி உட்டேங்க. வெளிச்சத்துல மொகத்தத் திருப்பறப்பப் பாத்தேன், தாவாக்கட்டைக்குக் கீழ, கருப்பா ரெண்டு முடி. அவ இன்னும் பாக்கல. அவ அப்பனும் பாக்கல.