ரெண்டாவது இலை

– செருப்பைக் கழட்டாதண்ணே. இது லேப். தரையில கண்ணாடிச் சில்லு கெடக்கும்.

– நான் உக்கார வரல முத்துத்தாயி, கேக்க வந்தேன். நம்ம காமாலை மருந்துல ரெண்டாவது இலை என்னன்னு அச்சடிச்சு விட்டுட்டியாமே?

– ஆமா.

– ஆமாங்குறா பாரு! கூடப்பொறந்த அண்ணன் முன்னால கொஞ்சமாச்சும் தயங்குவேன்னு நெனச்சேன்.

– எதுக்குத் தயங்கணும்? உனக்கு யாரு சொன்னா?

– நம்ம ஊரு காளை மகன் காலேஜுல படிக்கிறான்ல, அவன் நீ எழுதுன தாளைக் கொண்டாந்தான். எல்லாம் இங்கிலீசு, அவனுக்கே பாதி வெளங்கல. நம்ம ஊரு பேரும் இலை பேரும் மட்டும் நல்லா வெளங்கிருச்சு. டீக்கடையில எல்லாரும் இருக்கயில, 'தேள்கொடுக்கு இலைதானா பேயாண்டி மாமா உங்க ரகசியம்?'ங்குறான். டீயைப் பாதியில வச்சுட்டு நேரா பஸ் ஏறி வாரேன்.

– மொத இலை கீழாநெல்லின்னு ஊருக்கே தெரியும். இதை மட்டும் ஏன் மூடி வைக்கணும்?

– பேரைச் சொன்னா மருந்து பலிக்காது. அய்யா சொன்னது மறந்துபோச்சா?

– என்கிட்ட எங்க சொன்னாரு? பொட்டப்புள்ள, இன்னொரு வீட்டுக்குப் போறவன்னு என்னைய வெளிய நிப்பாட்டி, கதவைச் சாத்திக்கிட்டு உன்கிட்டதான சொன்னாரு. நான் உரல்ல ஒட்டியிருந்த சக்கையைச் சொரண்டிக் கொண்டாந்து கண்டுபிடிச்சேன்.

– திருட்டுக் கழுதை!

– கழுதைன்னே வச்சுக்க.

– அதை இந்த எலிகளுக்கா குடுத்த?

– குடுத்தேன். எலிககிட்ட பேரைச் சொல்லல, பயப்படாத.

– நக்கலு! கப்பலூர் மருந்துக் கம்பெனிக்காரன் கார் எடுத்துக்கிட்டு வீட்டுக்கே வந்து கேட்டான். விரட்டி விட்டேன். நீ என்னடான்னா சும்மா தூக்கிக் குடுத்துட்ட. உன் பட்டத்துக்கு அண்ணன் கழுத்துதான் கெடைச்சுச்சா?

– என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டுற ஹாலாஸ்யம் சாரும் வேணாம்னுதான் சொன்னார். 'இலை பேரை விட்டுடும்மா, குடும்பத்துல எதுக்கு வம்பு'ன்னார். முடியாது சார்னுட்டேன். எந்த இலைன்னு சொல்லாம எழுதுனா அதுக்குப் பேரு ஆராய்ச்சியா?

– சரி, முடிவாச் சொல்றேன். நீ எழுதுனது தப்புன்னு நீயே இன்னொருக்க எழுது. இல்லேன்னா, தையில உன் மகளுக்குக் காது குத்தயில என் மடி கெடையாது. தாய்மாமன் இல்லாமயே நடத்திக்க.

– என் மடியில உக்கார வச்சுக் குத்திக்கிறேன்.

– ஊரு சிரிக்கும்டி.

– சிரிக்கட்டும். நான் எலியை அறுத்துப் படிக்கிறேன்னு சொன்னப்ப சிரிக்காத ஊரா? ஒரு எழுத்தை மாத்த மாட்டேன்.

– அம்புட்டு வீம்பு! நம்ம வாசல்ல வந்து பொழச்சுப் போன சனம் எம்புட்டு! அதையாச்சும் எழுதுனியா?

– எழுதுனேன். கீழாநெல்லி குடுத்த எலிகளுக்குக் கெட்டுப்போன ஈரல் தேறிருச்சு.

– பாத்தியா! எங்க போனாலும் நம்ம மருந்து நம்ம மருந்துதான்!

– தேள்கொடுக்கு குடுத்த எலிகளுக்கு நல்லா இருந்த ஈரலே சுருங்கிப் போச்சு. அதையும் எழுதுனேன்.

– பொய்.

– அந்த ரெண்டு பாட்டிலையும் பாரு. வலப்பக்கம் இருக்குறது நம்ம ரெண்டாவது இலை.

– ஏத்தா... இது என்ன, வத்தலாட்டம் இருக்கு?

– ஈரல்தான். தேள்கொடுக்கு புண்ணுக்கு மேல பூசுறதுக்கு உள்ளது. வயித்துக்குள்ள போகக் கூடாது. போனா வெளிய தெரியாம உள்ளுக்குள்ள தின்னுக்கிட்டே இருக்கும்.

– அப்ப நான் குடுத்த சனமெல்லாம்?

– அவங்களையும் நெனச்சுத்தான் ஊரு பேரோட எழுதுனேன். ரெண்டு மூணு வேளை குடிச்சவங்க பெரும்பாலும் தப்பிச்சுக்குவாங்க. வருசக்கணக்கா குடிக்கிறவங்களுக்குத்தான் ஆபத்து.

– வருசக்கணக்கா எவன் குடிக்கிறான்? வாரவன் எல்லாம் மூணு வேளையோட போயிருவான். அப்பறம் என்னத்துக்கு இந்த ஆர்ப்பாட்டம்? யாரைக் காப்பாத்த இந்தப் பாடு?

– வாசலுக்கு வர்ற ஒவ்வொரு ஆளு முன்னாலயும், நம்பிக்கைக்குன்னு நீ ஒரு வாய் குடிச்சுக் காட்டிட்டுத்தான குடுக்குற? அய்யா சாகுறதுக்கு முன்ன இருந்த மாதிரியே உன் வயிறும் வீங்கியிருக்குண்ணே.